முப்பத்தெட்டாவது வளைவில் ஒரு குரூப் போட்டோ

பஸ் வந்துவிட்டது. போட்டோக்காரர் வரவில்லை.

இரண்டாயிரமாவது வருடம், பிப்ரவரிக் கடைசி. ப்ளஸ் டூ பரீட்சைக்குப் பத்தே நாள்தான் இருந்தது. சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் நாங்கள் பதினான்கு பேரும் இஸ்திரி போட்ட யூனிபார்மில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் பள்ளிக்கு ப்ளஸ் டூ வந்ததே எங்களோடுதான். நாங்கள்தான் முதல் செட். முதல் செட்டின் குரூப் போட்டோ தன் அறையில் தொங்க வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கு ஆசை. போட்டோவுக்குக் கீழே அச்சடிக்க வேண்டிய பதினான்கு பெயர்களைத் தன் கையாலேயே எழுதி, வகுப்பாசிரியர் அர்த்தனாரி சாரிடம் கொடுத்துவிட்டு, பரீட்சை வேலையாக அன்று காலை நாமக்கல்லுக்கு இறங்கிப் போயிருந்தார். "நான் வர்றதுக்குள்ள போட்டோ முடிஞ்சிருக்கணும்" என்பது உத்தரவு.

அந்தப் போட்டோக்காரர் என் மாமா. என் பெயர் உமைரா. அத்தா அப்துல் நாசர் சோளக்காட்டில் மிளகு வியாபாரம் செய்கிறவர். கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அம்மாவின் தம்பி முபஷிர் மாமா அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அம்மா கல்யாணமாகி மலைக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் மாமா ஒரு தடவைகூட மேலே வந்ததில்லை. கூப்பிட்டால், "நீங்க எறங்கி வாங்கக்கா, நான் பிரியாணி போடறேன்" என்பார். எனக்காகத்தான் இந்தத் தடவை ஒத்துக்கொண்டார்.

பஸ்ஸிலிருந்து கடைசி ஆளும் இறங்கிய பிறகு கண்டக்டர் என்னைத் தேடி வந்தார்.

"ஏங் கண்ணு, போட்டோப் புடிக்கறவரு உங்க மாமனா? முப்பத்தெட்டாவது வளைவுலயே எறங்கிக்கிட்டாரு. மூணு தடவை வாந்தி. இன்னும் ஒரு வளைவு ஏறுனா உசுரு போயிரும்ங்கறாரு. பாறை மேல குத்த வெச்சிருக்காரு."

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டி மாமா கவிழ்ந்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அர்த்தனாரி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு மேல் மஞ்சு ஏறினால் எதிரில் நிற்கிற ஆளே தெரியாது.

"என்னங்க சார் யோசனை? அவரு மேல வரமாட்டாருன்னா நாம கீழ போயிரலாம்" என்றான் இளங்கோ. அவன்தான் எங்கள் கிளாஸ் லீடர். எதற்கும் முதலில் வாயைத் திறப்பான், பிறகுதான் யோசிப்பான்.

"எதுலடா போறது? கீழ போற பஸ் ரெண்டரைக்குத்தான்."

சார் சொல்லி வாய் மூடவில்லை, ரோட்டுத் திருப்பத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மலைக்குள்ளேயே தள்ளியிருக்கிற வளப்பூர் நாட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே போகிற லாரி. பாதி லோடுதான் இருந்தது. கிழங்கு மேல் சாக்கை விரித்துப்போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் அத்தாயி.

பதினான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். "அத்தாயீ!"

ஆறாம் வகுப்பிலிருந்து எங்களோடு படித்தவள் அத்தாயி. ப்ளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டாள். அவளுடைய அப்பா மாணிக்கம் மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. வீட்டில் அவள்தான் மூத்தவள். மறுநாளிலிருந்து காடும் ஆடும் அவள் தலையில் விழுந்தன. நாங்கள் நான்கைந்து தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தோம். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டோம். வழியில் பார்த்தால் சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம். அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

லாரி ஓட்டுகிற அப்பாசாமி அவளுக்குச் சித்தப்பா முறை. இளங்கோ ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றான்.

"ஏனுங்க, முப்பத்தெட்டாவது வளைவு வரைக்கும் எங்களைக் கொண்டுபோய் உடுங்க."

"பதினாலு பேரையா? ஏன் சாமி, இது லாரியா, கல்யாண பஸ்ஸா?"

"ஏத்திக்குங்க சித்தப்பா, கெழங்கை விட இவங்க கனம் கம்மிதான்" என்று மேலிருந்து அத்தாயி சத்தம் போட்டாள்.

அர்த்தனாரி சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தலைமை ஆசிரியர் எழுதித் தந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்தார், வானத்தை ஒரு தடவை பார்த்தார். "மெதுவா ஓட்டுங்க. எவனாவது எந்திரிச்சு நின்னீங்கன்னா கால ஒடிச்சுருவேன்" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அடுத்த நிமிடம் நாங்கள் எல்லோரும் கிழங்கு மேல் இருந்தோம். என் வெள்ளைத் துப்பட்டாவில் செம்மண் ஒட்டாமல் இருக்க அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

எத்தனையோ தடவை அந்த மலையை இறங்கியிருக்கிறேன். அன்றைக்குப் போல் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் லாரி முக்கித் திரும்பும்போது எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். அடுத்த வளைவில் மறுபக்கம். கீழே சமவெளி தட்டு மாதிரி விரிந்து விரிந்து மறைந்தது. பேச வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. பத்து நாளில் எல்லாம் முடியப்போகிறது என்பது ஒவ்வொருத்தர் மனதிலும் இருந்தது, அதுதான் தானாகக் கிளம்பி வந்தது.

"எட்டாவதுல ஆடிக் காத்துல கூரைத் தகரம் பறந்துச்சே, ஞாபகம் இருக்குதா?" என்று ஒருத்தன் ஆரம்பித்தான்.

"இருக்குதாவா? மாதம்மாள் சாமைக் காட்டுல போயி உழுந்துச்சு. பாம்பாட்டம் வரிசை கட்டித் தலை மேல வெச்சுத் தூக்கிட்டு வந்தமே!"

"அன்னைக்கு நடுவுல நடந்துட்டு, கையே வெக்காம தூக்கற மாதிரி நடிச்சது இளங்கோ" என்றாள் அத்தாயி.

"நான் குட்டைங்க. எனக்குத் தகரம் எட்டல."

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. பிறகு யாரோ நாமக்கல் போன கதையை எடுத்தார்கள். எடுத்ததும் எல்லோரும் அத்தாயியைப் பார்த்தார்கள்.

தொண்ணூற்றெட்டு ஜூன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருந்தது. எங்கள் பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. படிக்க வேண்டுமானால் கீழே இறங்கி விடுதியில் தங்க வேண்டும். பெண்களை யாரும் அனுப்பத் தயாராக இல்லை. என் அத்தாகூட, "படிச்ச வரைக்கும் போதும்மா" என்று சொல்லிவிட்டார். அப்போது அத்தாயிதான் ஒரு நோட்டுத்தாளில் மனு எழுதி, வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கினாள். திங்கட்கிழமை மனுக் கொடுக்கிற நாளில் எட்டுப் பேர் பஸ் ஏறி நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். வரிசை எங்களிடம் வந்தபோது இளங்கோவுக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. அத்தாயிதான் பேசினாள்.

"அன்னைக்கு என்ன சொன்னே, மறுபடி சொல்லு புள்ள" என்று கேட்டேன்.

அவள் துண்டைச் சரிசெய்துகொண்டு குரலைக் கனமாக்கினாள். "ஐயா, பதினொண்ணாவது படிக்கோணும்னா நாங்க இத்தனை பேரும் எழுவது வளைவு எறங்கோணும். நீங்க மூணு வாத்தியார எழுவது வளைவு ஏத்தி உட்டாப் போதுமுங்க. எது சுளுவுன்னு நீங்களே பாருங்க."

லாரி முழுக்கக் கைதட்டல். முன்சீட்டிலிருந்து அர்த்தனாரி சார் தலையை வெளியே நீட்டி என்ன சத்தம் என்று பார்த்தார். அப்படி ஏறி வந்த வாத்தியார்களில் முதல் ஆள் அவர்தான்.

ஆகஸ்டில் ப்ளஸ் ஒன் ஆரம்பித்தது. அறை கிடையாது. சத்துணவுக் கூடத்தின் சாமான் அறையில், அரிசி மூட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பிரெஞ்சுப் புரட்சி படித்தோம். லேப் இல்லாததால் வரலாற்று குரூப் மட்டும்தான். பொருளாதார வாத்தியார் போட்ட இடத்துக்கு வரவே இல்லை. அடுத்தவர் வரும் வரை இளங்கோ மூட்டை மேல் ஏறி நின்று பொருளாதாரப் புத்தகத்தைப் பிரசங்கம் மாதிரி படிப்பான். பருப்பு மூட்டைக்குப் பின்னால் எலி குறுக்கே ஓடினால், "அதோ தேவை ஓடுது, பின்னால அளிப்பு ஓடுது" என்பான்.

எலிக் கதையை அவன் நடித்துக் காட்டியபோது எங்களைவிட அதிகமாகச் சிரித்தது அத்தாயிதான். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். "பொறவு?" "பொறவு என்னாச்சு?" ப்ளஸ் டூ வகுப்புக்குப் புதிய கட்டடம் வந்தது, முதல் நாள் பெயிண்ட் காயாத சுவரில் ஐந்து பேர் சட்டையை ஒட்டிக்கொண்டது, எல்லாம் சொன்னோம். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கு உறைத்தது. அவள் கேட்டு வாங்கிய வகுப்பின் கதையைத்தான் அவளுக்கே சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு முகம் சூடேறியது. அவளோ வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தெட்டாவது வளைவில் மாமா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். கேமராப் பை மடியில். கிழங்கு மேலிருந்து பதினைந்து தலைகள் "மாமா!" என்று கத்தியதும் எழுந்து நின்றார்.

"யா அல்லாஹ், பள்ளிக்கூடத்தையே எறக்கிக் கொண்டுவந்துட்டியா?"

"இடம் நல்லா இருக்குதா மாமா?"

அவர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். வளைவின் ஓரத்தில் நீளமான தடுப்புச் சுவர். அதற்குப் பின்னால் பச்சைச் சரிவு, அதற்கும் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. மாமாவுக்குக் குமட்டல் மறந்துபோனது. "என் ஸ்டூடியோவுல இருக்கற திரையக் கொளுத்தோணும்" என்றார்.

அப்பாசாமி சித்தப்பா லாரியை ஓரங்கட்டிவிட்டு, "சுருக்கா முடிங்க, கெழங்கு வாடுது" என்றார். உயரமானவர்கள் சுவரை ஒட்டி, குட்டையானவர்கள் முன்னால், பெண்கள் நடுவில், சார் ஓரத்தில் என்று மாமா நிறுத்தினார். அத்தாயி லாரி மேலிருந்தே அதிகாரம் செய்தாள். "இளங்கோ, காலரை மடிச்சு உடு. உமைரா, மூக்குல மண்ணு."

"நீயும் எறங்கி வா" என்றேன்.

"நான் எதுக்கு?"

"வா புள்ள."

அவள் சிரிப்பு நின்றது. "உமைரா, இது பன்னெண்டாவது படிச்சவங்க போட்டோ. பாவம்னு என்னைக் கொண்டாந்து நடுவுல சொருகாதீங்க. எனக்கு அது வேண்டாம்."

 அர்த்தனாரி சாரின் சட்டைப் பையில் பதினான்கு பெயர்கள் இருந்தன. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

மாமாதான் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினார். "இந்தப் புள்ள பத்தாவது பாஸா?"

"நானூத்திப் பதிமூணு மார்க்குங்க" என்றான் இளங்கோ. அவளுடைய மார்க் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"எந்த வருசம்?"

"தொண்ணூத்தெட்டு."

"அப்புறம் என்ன? பத்தாவது முடிச்சு ரெண்டு வருசம் ஆச்சுன்னா பிரைவேட்டா ப்ளஸ் டூ எழுதலாமே! பள்ளிக்கூடத்துக்கே போக வேண்டியதில்ல. பிராக்டிகல் இல்லாத பாடமா இருந்தாப் போதும். என் ஸ்டூடியோவுக்கு மாசத்துக்கு நாலு பேரு அந்த அப்ளிகேஷன் பாரத்துக்குப் போட்டோ எடுக்க வர்றாங்க. ரைஸ்மில்லுல வேலை செய்யற பொம்பளை ஒண்ணு போன வருசம் எழுதிப் பாஸாகிப் போச்சு."

 ஒரே நேரத்தில் பதினான்கு பேரும் பேச ஆரம்பித்தோம்.

"எங்க குரூப்புல பிராக்டிகலே கிடையாது!"

"எங்க புக்கு பூராம் உனக்குத்தான்!"

"நோட்டும்!"

அத்தாயி லாரியிலிருந்து குதித்து இறங்கினாள். நேராக அர்த்தனாரி சாரிடம் போனாள். "நெசமாங்க சார்?"

"நெசந்தான் அத்தாயி. எனக்குத் தோணியிருக்கணும். ஒரு வருசமா எனக்குத் தோணவே இல்ல" என்றார் சார். அவர் குரல் தணிந்திருந்தது.

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். "அப்பன் என்ன சொல்லும்?"

அப்பாசாமி பீடியை அணைத்தார். "உங்கப்பன் தெனமும் என்ன சொல்றான்னு எனக்குத் தெரியும். நான் உழுந்தது மண்ணு மேல இல்ல, எம் புள்ள படிப்பு மேலங்கறான். போயி எழுது சாமி."

அத்தாயி துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். "சரி, எழுதறேன். பாரம் எப்ப தருவாங்க?"

"அடுத்த வருச மார்ச்சுல எழுதோணும்னா இந்த வருசம் நவம்பர் டிசம்பர்ல தருவாங்க. ஆனா பாஸ்போர்ட் சைஸ் போட்டோவ இப்பவே எடுத்துரலாம்" என்றார் மாமா.

"அதுக்கு இன்னும் ஒம்போது மாசம் கெடக்குதுங்களே?"

"இன்னொரு தடவை நான் இந்த மலை ஏறுவன்னு நெனைக்கறியா?"

பின்னணிக்கு வெள்ளைத் துணி வேண்டும் என்றார். என் துப்பட்டாவை உருவிக் கொடுத்தேன். இரண்டு பையன்கள் இரண்டு முனையைப் பிடித்து இழுத்து நிற்க, காற்று அதைப் பாய் மாதிரி புடைக்க வைத்தது. அதற்கு முன்னால் அத்தாயி நின்றாள். கலைந்த தலையை நான் விரலாலேயே வாரிவிட்டேன். ப்ளஸ் டூ முதல் செட்டின் போட்டோ நாளில் முதல் போட்டோ அவளுடையதுதான்.

அதன் பிறகுதான் குரூப் போட்டோ. சார் ஒரு வழி சொன்னார். "மொதல்ல பதினாலு பேரு, அது ஸ்கூலுக்கு. அப்புறம் பதினஞ்சு பேரு, அது நமக்கு." எல்லோருக்கும் சம்மதம். மாமா முதல் போட்டோவை எடுக்கிற அதே நொடியில் கீழிருந்து வந்த பஸ் வளைவில் நீளமாக ஹாரன் அடித்தது. இரண்டாவதற்கு அத்தாயி வந்து எனக்கும் இளங்கோவுக்கும் நடுவில் நின்றாள். நின்றுவிட்ட பஸ்ஸின் ஜன்னல் எல்லாம் தலை. "சிரிங்க" என்று மாமா சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மாமா எலுமிச்சம்பழத்தோடு லாரியின் முன்சீட்டில் ஏறிக் கீழே போனார். அத்தாயி பழையபடி கிழங்கு மேல் ஏறிக்கொண்டாள். லாரி அடுத்த வளைவில் மறையும் வரை கையாட்டிவிட்டு, நாங்கள் அதே பஸ்ஸில் நின்றுகொண்டே மேலே வந்தோம்.

போட்டோ கழுவி வந்தபோது முதல் படத்தில் பதினான்கு பேரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தர் முகமும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டாவது படத்தைத்தான் சார் தலைமை ஆசிரியர் முன்னால் வைத்தார். அவர் விரலால் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "அந்த மனு எழுதுன புள்ளைதானே இது?" என்று கேட்டு, பேனாவைத் திறந்து பதினைந்தாவது பெயரை அவரே எழுதினார்.

கடைசிப் பரீட்சை முடிந்த மாலை, யூனிபார்மைக்கூட மாற்றாமல் அத்தாயி வீட்டுக்குப் போனோம். ஒவ்வொருத்தரும் தனக்கு நன்றாக வந்த பாடத்தின் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுபோனோம். மாணிக்கம் மாமா தடியை ஊன்றி வாசல் வரை நடந்து வந்து வாங்கி வைத்தார். மே மாதம் எங்கள் ரிசல்ட் வந்தது. பதினான்கில் பன்னிரண்டு பேர் பாஸ். தோற்ற இரண்டு பேரில் ஒருவன் இளங்கோ. எலியை வைத்து ஊருக்கே பாடம் எடுத்தவன் பொருளாதாரத்திலேயே கோட்டைவிட்டான். இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் அத்தாயி அவன் வீட்டுக்குப் போய், "வாடா, எனக்கும் தொணை வேணும்" என்று இழுத்து வந்தாள். கிழங்குக் காட்டில் அவள் களை கொத்த, வரப்பில் உட்கார்ந்து அவன் சத்தமாகப் படிப்பான். செப்டம்பர் பரீட்சையிலும் அவன் தேறவில்லை. அடுத்த மார்ச்சில் இருவரும் ஒரே பஸ்ஸில் இறங்கிப் போய் எழுதினார்கள்.

நான் நாமக்கல்லில் காலேஜ் முதல் வருடம் முடித்து லீவில் வந்திருந்தேன். ரிசல்ட் அன்று சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் எங்கள் செட்டில் ஒன்பது பேர் கூடிவிட்டோம். அத்தாயி வாழைத்தார் இறக்கின கையோடு நின்றாள். மாலைப் பேப்பர் வரும் பஸ் அன்றைக்கு முக்கால் மணி நேரம் தாமதம். வந்ததும் கண்டக்டரைப் பேப்பர் கட்டைக் கீழே போடக்கூட நாங்கள் விடவில்லை.

இளங்கோவின் நம்பர் சீக்கிரமே கிடைத்தது. அவன் குதித்த குதியில் பழக்கடைக் கூடை ஒன்று கவிழ்ந்தது. அத்தாயியின் நம்பரைக் காணோம். நான் வரி வரியாக விரலை ஓட்டினேன். இல்லை. இன்னொருத்தி பிடுங்கிப் பார்த்தாள். இல்லை. அத்தாயி வாழைக்கறை படிந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்கப்பா" என்றார் என் அத்தா. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, பேப்பரைத் திருப்பி, கடைசிப் பக்கத்தின் அடியில் பார்த்தார். "பள்ளிக்கூடமே போகாம நேரடியா எழுதுனவங்களுக்குத் தனிப் பட்டியல் போட்டிருக்கான். நம்பரைச் சொல்லும்மா."

அத்தாயி சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அத்தா பேப்பரை அவளிடமே நீட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். ஹால் டிக்கெட்டை எடுத்து ஒப்பிட்டாள். மறுபடி ஒப்பிட்டாள். பிறகு போட்ட சத்தத்தில் பஸ் டிரைவர் சீட்டை விட்டே எழுந்துவிட்டார்.

"உமைரா, பாஸு! நான் பன்னெண்டாவது பாஸு!"

யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று தெரியாது. பழக்கடைக்காரர் கவிழ்ந்த கொய்யாப்பழத்தையெல்லாம் எங்கள் கையிலேயே திணித்தார். அவள் ஊருக்குப் போகிற வளப்பூர் பஸ் புறப்படப் போவதாக விசில் அடித்ததும் அத்தாயி பேப்பரை மடித்து இடுப்பில் செருகினாள்.

"நீங்க இருங்க. எங்கப்பனுக்கு நாந்தான் மொதல்ல சொல்லோணும்" என்று சொல்லி, நகர ஆரம்பித்த பஸ்ஸில் ஓடிப்போய்த் தாவி ஏறினாள்.